ஃபாரத்தின் அடியில் நான் எழுதிய வரி

சேலையூரில் இரண்டு மாட்டுக் கொட்டகை, மேற்குத் தாம்பரத்தில் தயிர்க் கடை, சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் மாடி வைத்த வீடு, கேன் ஏற்ற ஒரு வேன், டீச்சர் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. என் அப்பா எனக்கென்று ஒரு மாட்டுக் கயிறு கூட விட்டுப் போகவில்லை. அதையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான்தான் வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மாடியைப் பார்க்கிறார்கள், வேனைப் பார்க்கிறார்கள். கூடத்தில் பெண்களின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பழுப்புத் தாள் என்ன என்று பாதிப் பேர் கேட்பதில்லை. அது எருமை இன்ஷூரன்ஸை இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும்போது எழுதிய ஃபாரத்தின் கார்பன் நகல். மேலே முத்து முத்தான இங்கிலீஷ். அடியில் கோணல் மாணலாக ஒரு வரி தமிழ். அந்தத் தமிழ் என்னுடையது. மேலே இருப்பது எங்கள் பால் சொசைட்டி செக்ரட்டரியுடையது.

செக்ரட்டரி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். தேறி எத்தனை வருஷம் ஆனாலும் நேற்றுத்தான் ரிசல்ட் வந்த மாதிரி நடப்பார். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பால்பாயிண்ட் பேனா. சாணி நாற்றம் வந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார், இத்தனைக்கும் அந்தச் சாணியில்தான் அவர் சம்பளம் முளைத்தது. ஒரு நாளும் ஒரு எருமையின் மடியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் எருமைகளின் நிறம், கொம்பு, வால் குஞ்சம், வயசு எல்லாவற்றையும் மேஜை முன்னால் உட்கார்ந்தபடியே எழுதிவிடுவார். கையெழுத்து மட்டும் நிஜமாகவே அழகு. அந்த அழகைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் ஏமாந்தார்கள். இவ்வளவு நேராக எழுதுகிறவர் பொய் எழுதுவாரா என்று நினைத்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் பேங்கு கடன் கொடுத்து எருமை வாங்க வைத்தார்கள். கடனோடு இன்ஷூரன்ஸும் வந்தது. மாட்டின் காதில் நம்பர் போட்ட வில்லையை அடித்துவிட்டுப் போவார்கள். மாடு செத்தால் அந்தக் காதை வில்லையோடு அறுத்துக் கொடுக்க வேண்டும். என்னுடையது டெல்லி எருமை, கொம்பு ஜிலேபி மாதிரி சுருண்டிருக்கும். அப்போது எனக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். அது போனால் கடன் மட்டும் நிற்கும், நான் மறுபடி யார் கொட்டகையிலாவது சாணி அள்ளப் போக வேண்டும். முதல் வருஷத்தில் பாதி நல்லபடியாகப் போனது. சினையின் கடைசி மாதத்தில், படுத்தால் பின்பக்கம் உறுப்பு வெளியே தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். டாக்டர் உள்ளே தள்ளிக் கயிறு கட்டிவிட்டார். கம்பவுண்டர் என் பெயரையும் வில்லை நம்பரையும் நோயையும் பெரிய நோட்டில் எழுதினார். நான் நின்று பார்த்தேன். நிறையப் படித்தவனுக்கு எழுத்து சோறு மாதிரி, தட்டில் போட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு அப்படி இல்லை. ஓரிடத்தில் எழுதினதை இன்னோரிடத்தில் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயம்தான் என்னைக் காப்பாற்றியது.

எருமை நல்லபடியாகக் கன்று போட்டு, பாலும் கொடுத்தது. புதுப்பிக்கிற நாள் வந்தது. செக்ரட்டரி எல்லார் ஃபாரத்தையும் அடுக்கி வைத்து, கார்பன் சொருகி, ஒரே மூச்சில் எழுதிக்கொண்டே போனார். போன வருஷம் நோய் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. எல்லாருக்கும் ஒரே பதில்.

“சார், இங்க இன்னா எழுதிகினு கீறீங்க?” என்று கேட்டேன்.

“நோய் எதுவும் இல்லைன்னு.”

“இருந்துச்சே சார். ஆஸ்பத்திரி நோட்டுல கீது.”

அவர் தலையைத் தூக்கவே இல்லை. “உண்மையை எழுதினா கம்பெனிக்காரன் உன் எருமையை எடுக்கவே மாட்டான். மூணாங்கிளாஸ் படிச்சுட்டு எனக்கு ஃபாரம் சொல்லித் தரியா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் எங்கள் தெருவில் ஒற்றை எருமை வைத்துப் பிழைத்தவர். அவர் எருமைக்கு மடி வீங்கி அதே ஆஸ்பத்திரியில்தான் ஊசி போட்டார்கள். நீயும் எழுதச் சொல் என்று அவர் காதில் சொன்னேன். “விடுண்ணா, அவரு படிச்சவரு. அவருக்குத் தெரியாதா?” என்றார். நான் செக்ரட்டரியின் இன்னொரு பேனாவைப் பையிலிருந்து உருவி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எழுதினேன்: போன சினையில் அடி தள்ளியது, வைத்தியம் பார்த்தது, இப்போது தேவலை. அழுத்தி எழுதினதில் தாள் கிழியப் பார்த்தது.

கம்பெனி ஒரு டாக்டரை அனுப்பிப் பார்த்துவிட்டு, அந்த நோயால் செத்தால் பொறுப்பில்லை, வேறு எதனால் செத்தாலும் உண்டு என்று பாலிசி கொடுத்தது. செக்ரட்டரிக்குக் கொண்டாட்டம். கேனோடு நான் உள்ளே நுழையும்போதெல்லாம் “வாங்க ஜட்ஜையா, இன்னைக்குத் தண்ணி எவ்வளவு ஊத்தினேன்னு அதையும் எழுதிக் குடுங்களேன்” என்பார். என் சம்சாரம் கூட விடவில்லை. “உன் வாயே உனக்கு எமன். வூட்ல இருக்கிற நோயை ஊருக்கு எழுதிக் குடுப்பாங்களா?” என்றாள். அந்த ஐப்பசி வரை சொரணை கெட்டவன் மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஏரிக்கரையில் கரண்ட் கம்பி அறுந்து தேங்கிய தண்ணீரில் விழுந்தது. மத்தியான நேரம். என் எருமையும் பாயின் எருமையும் அந்தத் தண்ணீரிலேயே விழுந்து செத்தன. இரண்டு காதையும் ஒரே கத்தியால் அறுத்துக் கொடுத்தோம். கம்பெனி ஆள் வந்தார், நேரே மாட்டாஸ்பத்திரிக்குப் போய் அந்த நோட்டைப் புரட்டினார். செக்ரட்டரி அவர் பின்னாலேயே ஓடி, “கரண்ட்ல செத்ததுக்கும் மடிக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்றார். “சம்பந்தம் இல்லை. ஆனா நோயே இல்லைன்னு பாய் கையெழுத்துப் போட்டிருக்காரே” என்றார் வந்தவர்.

இங்கிலீஷில் கடிதம் வந்த அன்று சொசைட்டியில் எல்லார் முன்னாலும் செக்ரட்டரியே படித்துச் சொன்னார். எனக்கு உண்டு, பாய்க்கு இல்லை. ஏன் இல்லை என்பதையும் ஒரு சொல் மறைக்காமல் சொன்னார். அவர் மாற்றிச் சொல்லியிருந்தால் எங்களில் ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த ஆளை மதிக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளே அதைக் கெடுத்துக்கொண்டார். பாய் வந்து நின்றபோது, “எல்லாம் கம்பெனிக்காரன் திருட்டுத்தனம், நான் என்ன செய்ய?” என்று கைக்குட்டையை எடுத்தார். பாய் கடனுக்காகக் கொட்டகையை விற்றுவிட்டுப் படப்பைப் பக்கம் வைக்கோல் வண்டி ஓட்டப் போனார். என் கையில் வந்ததில் பழைய கடனை அடைத்து, புதுக் கடன் எடுத்து நான் இரண்டு எருமை வாங்கினேன். மற்றதெல்லாம் அந்த இரண்டிலிருந்து வந்தது.

அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது செக்ரட்டரி வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும், “மாட்டுக்கு என்ன நோய் இருந்துச்சு, மறைக்காம சொல்லு” என்று மிரட்டினார். தானே கண்டுபிடித்த மாதிரி. எனக்கு ஒரு பார்வை கூட இல்லை.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம் சொசைட்டி ஒரு விழா மலர் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மாட்டின் நோயை மறைக்காமல் எழுதும் நல்ல வழக்கத்தை உறுப்பினர்களுக்குக் கற்றுத் தந்தவர் செக்ரட்டரி என்று அரைப் பக்கம். சொசைட்டி முன் அறையில் மாலை போட்ட படமும் இருக்கிறதாம். கற்றுத் தந்தாராம். பாய் இப்போது எங்கே இருக்கிறார் என்று மலர் போட்டவர்களில் ஒருவனுக்காவது தெரியுமா?

சொசைட்டிக்காரர்களே, மலரைத் திருத்துங்கள். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் நான் என்று என் பெயரைப் போட்டு எழுதுங்கள். அது முடியாது என்றால் கூடத்தில் இருக்கும் இந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு வருகிறேன், அவர் படத்துக்குக் கீழே மாட்டுங்கள். கார்பனில் அவர் கையெழுத்து மங்கிப்போய் விட்டது, நோகாமல் எழுதினவர். நான் அழுத்தின வரி இன்னும் கறுப்பாக இருக்கிறது. ஆணியும் சுத்தியலும் நானே கொண்டு வருவேன்.