ஓடக் கூடாத பிள்ளை

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு பார்க்க வந்த உள்ளூர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சுல என்னமோ சத்தம் கேக்குது, புள்ளைய ஓட உடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெண்ணந்தூரில் எங்கள் தெரு முழுக்க நாளெல்லாம் தறிச் சத்தம். என் நெஞ்சிலும் கொஞ்சம் கேட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்றுதான் எனக்குப் பட்டது.

வீட்டில் அப்படி நினைக்கவில்லை. குடம் தூக்கக் கூடாது, கயிறு தாண்டக் கூடாது. என் புத்தகப் பையையும் அக்காவே சுமந்தாள். பாண்டி ஆட்டத்தில் எனக்கு மத்தியஸ்தம் பார்க்கும் வேலை மட்டும் கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்த அத்தை ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம், "இத எவன் தலையில கட்டப் போறீங்களோ" என்றாள். உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் போகையில் ஏரிக்கரையில் ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. நின்று கைவைத்துப் பார்த்தேன். செத்துப்போகவில்லை. அக்கா இரண்டு பைகளோடு அலறிக்கொண்டு வந்தாள்.

"ஊட்டுல சொல்லிப்போடுவேன்!"

"சொல்லிக்கோ."

அவள் சொல்லவில்லை. சொன்னால் முதல் ஏச்சு அவளுக்குத்தான். நான் தினமும் ஓடினேன். முதலில் மெதுவாக, பிறகு மதகு வரைக்கும், அப்புறம் கரை முடியும் மட்டும் ஒரே வீச்சில். நாளாக ஆக, நின்றதும் நெஞ்சு சீக்கிரம் அடங்கியது.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் வந்தது. டிரில் வாத்தியார், "நீ போய் உக்காரு" என்றார். அவர் விசில் ஊதத் திரும்பியதும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.

பாதி மைதானம் ஓடியிருப்பேன். சைக்கிளில் நூல் சிப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, "நில்லு சாமி, நில்லு!" என்று கத்திக்கொண்டே கூட ஓடி வந்தார். நான் இன்னும் வேகமாக ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்தவர் அப்பாதான்.

அவர் திட்டவே இல்லை. அடுத்த பஸ்ஸில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டு மறுபடி கேட்டார்.

"சின்ன வயசுல நெறய பேருக்கு இந்தச் சத்தம் இருக்கும். ஒரு கெடுதலும் இல்ல. மூச்சு வாங்குற மாதிரி நல்லா ஓடட்டும், அப்பத்தான் இருதயத்துக்குப் பலம். உக்கார வெச்சதுதான் தப்பு."

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்கம்மா" என்றார் அப்பா. டாக்டரம்மா வைத்துப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இன்னும் ஒரே ஒருக்கா." எனக்கு மானம் போயிற்று.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா எழுந்து வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"எம்பேச்சக் கேக்காம ஓடுவியா?"

"ஓடுவேன்."

இன்னொரு அடி. "ஓடுவியா?"

"ஓடுவேன்!"

காய்ச்சல் வந்ததிலிருந்து என்மேல் யாரும் ஒரு விரல்கூட வைத்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவே சொன்ன நாளில் எதற்கு இந்த அடி? அடிக்க அடிக்க அம்மா சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. தடுக்க வேண்டிய அப்பாவோ கதவைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நல்ல காரியம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவர்களுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.