ஊருக்குப் போன சுவெட்டர்

எங்கள் அத்தை நாய்முடியில் நூல் நூற்றாள். இதைச் சொன்னால் என் மகள்கள் நம்புவதில்லை, அம்மா அளக்கிறாள் என்று சிரிக்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நூற்றாள், அதில் சுவெட்டரும் பின்னினாள். அந்தச் சுவெட்டரின் இடது கையில் பாதிக்குமேல் நான் நூற்ற நூல்.

மலாயாவில், சிரம்பானுக்குச் சில மைல் தள்ளி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் துரை அதை ஆண்டார், நாங்கள் மரம் வெட்டினோம், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தோம். அது வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த சமயம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு வெளியே கொண்டுபோக முடியாது, வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் எதுவும் கொடுத்துவிடக் கூடாது என்று சட்டம்.

அத்தை அப்பாவின் தங்கை. பிள்ளை கிடையாது. அவள் புருஷன், என் மாமா, தோட்டத்துத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவர். சங்கத்து ஆட்களைப் போலீஸ் பிடிக்க ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் அவரைக் காணவில்லை. "மாமா ஊருக்குப் போயிட்டாரு" என்றார் அப்பா. ஊர் என்றால் எங்களுக்கு இந்தியா. உண்மையில் மாமா போனது தோட்டத்துக்குப் பின்னால் தெரிந்த மலைக்காட்டுக்கு. வீட்டில் பெரியவர்கள் மூவருக்கும் அது தெரியும். எனக்கு எட்டு வயது, வாய் ஓயாத பிள்ளை. என்னிடம் யார் சொல்வார்கள்?

காலையில் மரம் வெட்டிவிட்டு, மத்தியானம் அத்தை துரை பங்களாவைக் கூட்டிப் பெருக்கப் போவாள். துரைசானி ஒரு சடைநாய் வளர்த்தாள். குளிர்தேசத்து நாய் நம் வெயிலில் என்ன செய்யும், கைகொள்ளாமல் முடி கொட்டியது. அதைச் சீவிவிடுவது அத்தையின் வேலை. சீவியதைக் குப்பையில் போடாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். துரைசானி பின்னுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பின்னலும் பிடிபட்டுவிட்டது. கடையில் உல்லன் நூல் வாங்கலாம்தான். ஆனால் வேகிற இந்த வெயிலில் ரப்பர் மரம் வெட்டுகிறவளுக்கு உல்லன் எதற்கு என்று கடைக்காரன் கேட்பானே.

முதலில் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சில் நூற்றுப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம்தான் நாய்முடி. சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை அலசி, காயவைத்து, விரலால் பிரித்துப் பிரித்துப் புகைபோல ஆக்குவாள். உடைந்த குடையின் கம்பியில் வட்டமாக அறுத்த கொட்டாங்கச்சித் துண்டைக் கோத்து, அதுதான் தக்ளி. தோட்டத்துப் பள்ளியில் ஊரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் அவளுக்குச் சின்ன வயதில் நூற்கக் கற்றுக்கொடுத்திருந்தார். அத்தையின் நூல் ஒரே சீராக வரும். என்னுடையது ஓரிடத்தில் இழை, ஓரிடத்தில் மண்புழு. மழை நாளில் வீடெல்லாம் நாய் நாறும். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த மயிரு எங்க கொண்டு போயி விடப்போவுதோ" என்பார். வீட்டில் அந்த வார்த்தையைத் தாராளமாகச் சொல்லக் கிடைத்த ஒரே காலம் அது. நானும் சொல்லிக்கொண்டேன்.

"அத்த, ஊர்ல அவ்வளவு குளிரா?"

"குளிருதான் பாப்பா. மழ விடாது. துணி காயாது. அட்ட வேற கடிக்கும்."

"வெளக்கு இருக்கா?"

"ஏத்தக்கூடாது."

பள்ளியில் வாத்தியார் தமிழ்நாட்டைப் பற்றிப் பாடம் நடத்தும்போது வெயில் கொளுத்தும் என்றார். நான் எழுந்து நின்று, இல்லை சார், விடாத மழை, அட்டை கடிக்கும், விளக்கு ஏற்றக்கூடாது என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் வாங்கிய அடி எதற்கு என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

நாலைந்து மாதத்தில் சுவெட்டர் முடிந்தது. ஒருநாள் விடிகாலையில் அத்தை அதைப் போட்டுக்கொண்டு, மேலே மரம் வெட்டும்போது போடும் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சுவெட்டர் இல்லாமல் திரும்பி வந்தாள். "தபால்ல போட்டாச்சு" என்றாள். அன்று அவள் எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள், காரணமே இல்லாமல் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் பக்கத்துப் பட்டணத்துப் பசாருக்குப் போயிருந்தோம். போலீஸ் நிலையத்தின் முன்னால் கூட்டம். காட்டில் சுட்ட மூன்று பேரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தோட்டத்து ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு, தெரிந்த ஆளா பார் என்றார்கள். மூன்றாவது ஆளின் முகம் வீங்கித் தாடி மண்டிக் கிடந்தது, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. அத்தை எனக்கு முன்னால் போனாள். நின்று, நன்றாகப் பார்த்து, "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குரல்கூட மாறவில்லை. அப்பாவும் அப்படியே சொன்னார்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

"அத்த! நம்ம சுவெட்டர இந்த ஆளு திருடிட்டான்! மாமாவுக்கு அனுப்புனத இவன் போட்டிருக்கான் பாரு!"

தமிழ் பேசும் போலீஸ்காரர் ஒருவர் என் பக்கத்தில் குந்தினார். "உங்களுதுதானா பாப்பா? நல்லாப் பாத்து சொல்லு."

"எங்களுதுதான் சார். இந்தக் கை நான் நூத்தது" என்று புடைத்துக்கொண்டிருந்த இழைகளைத் தொட்டுக் காட்டினேன். "கெட்டிக்காரிலா நீ" என்று அவர் என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வயதில் யார் திருடனைப் பிடித்திருக்கிறார்கள்?

அத்தை திரும்பி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். தரையில் உட்கார்ந்து, அந்த ஆளின் மணிக்கட்டுக்கு மேல் ஏறியிருந்த சுவெட்டர் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டாள். நூல் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவையும் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அவர் என்னை அடிக்கவில்லை. அன்றே அடித்திருந்தால் இந்த நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ.

பல மாதம் கழித்து, அத்தையை நாடு கடத்துகிறார்கள் என்று தகவல் வந்தது. எனக்கு அதைச் சொன்ன விதம் வேறு. "அத்தை ஊருக்குப் போறா" என்றார் அம்மா. சிரம்பான் ரயில் நிலையத்தில் இரண்டு காவலர்களுக்கு நடுவே அவள் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். மலாயாவில் பிறந்தவள், அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை, அங்கே அவளுக்கென்று ஒருவரும் இல்லை. நானோ சந்தோஷத்தில் குதித்தேன்.

"அத்த, மாமாவ நான் கேட்டதா சொல்லு. வேற சுவெட்டர் பின்னிக் குடு."

அத்தை குனிந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சொல்றேன் பாப்பா" என்றாள்.

ரயில் மறையும்வரை கையை ஆட்டினேன். திரும்பும் வழியெல்லாம் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தங்கை புருஷனோடு போய்ச் சேரப்போகிறாள், இதற்குப் போய் ஒரு மனிதர் அழுவாரா என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.