போசகரின் பார்வைக்கு

எங்கள் அணியின் பொது முகாமையாளரை நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் மெல்பேர்ணின் ரோவிலில் ஒரு பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். சட்டைப்பைக்குள் கைபேசி நடுங்கியது. நின்று, மறுபடி நடுங்கியது. ஒருவழியாக வாயை மூடிக்கொண்டு காருக்குள் வந்து பார்க்கும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. எங்கள் கைபேசிக் குழுவில் அதற்குள் கிரெய்கிபர்ன்காரர் ஒரு கட்டுரையே எழுதி முடித்திருந்தார். ஏன் நீக்கினார்கள், அடுத்து யார் வரலாம், வருகிறவர் முதலில் எந்த ஆட்டக்காரரை விற்கவேண்டும், எல்லாம். கீழே ஏழு கட்டைவிரல்கள்.

குழுவில் மொத்தம் ஒன்பது பேர். எழுதியவரையும் பல் வைத்தியரிடம் கிடந்தவனையும் கழித்தால் மிச்சம் ஏழு.

மெல்பேர்ணில் இருக்கும் ஒன்பது தமிழர்களுக்குக் கனடாவில் உள்ள ஒரு ஐஸ் ஹொக்கி அணியோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். எங்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு அண்ணனோ மச்சானோ இருக்கிறார். அவர்கள் குளிரைப் பற்றியும் இந்த அணியைப் பற்றியும் தொலைபேசியில் ஒரே குரலில் முறைப்பாடு செய்வார்கள். குளிரில் பங்கெடுக்க முடியவில்லை, அணியில் பங்கெடுத்தோம். அணியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அனுதாபம் தெரிவிக்க ஆட்கள் வருவார்கள்.

இந்தக் குழுவைப் பதினொரு வருடங்களுக்கு முன் தொடங்கியவன் நான். எங்கள் ஆட்களில் நாலு பேர் ஒன்றுகூடினால் அங்கே ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் உண்டாகிவிடுவார்கள் என்பதால் நான் தலைவரானேன். ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு, அதாவது கனடாவில் சனி இரவு, செயலாளர் வீட்டுக் கராஜில் பெரிய திரையில் ஆட்டம். இங்கே ஜனவரி வெயிலில் தகரக் கூரை பொரியும். திரையில் பனித்தரை மினுங்கும். மின்விசிறி சுழலும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "அண்ணை, என்ன மாதிரி?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன். வேலை இடத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. காப்புறுதி விண்ணப்பங்களில் மற்றவர்கள் விட்ட பிழைகளைக் கண்டுபிடிப்பது என் தொழில். அப்படிப்பட்டவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள். வீட்டிலும் கேட்பதில்லை. வாரத்தில் அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்த விளையாட்டைப் பார்த்தேன் என்பதை, அந்தக் கேள்வி வேறொருவரிடம் போன பிறகுதான் கண்டுகொண்டேன்.

வேறொருவர் என்பது கிரெய்கிபர்ன்காரர். தமிழ்நாட்டுக்காரர். வயது முப்பத்தைந்துக்குள். கணினித்துறை. இரண்டு வருடங்களுக்கு முன் பொருளாளரின் அலுவலக நண்பராக ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தார். பக் என்று சொல்லும் அந்தக் கறுப்பு வட்டைத் திரையில் எங்கே தேடுவது என்று என்னிடம்தான் கேட்டார். நான்தான் காட்டிக்கொடுத்தேன். வீடு நகரின் மறுகோடியில் கிரெய்கிபர்னில், ஒரு மணி நேரத் தூரம். இருந்தும் எல்லோருக்கும் முதல் வந்து கதிரை அடுக்குவார். நான் பத்து நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு கடைசியாக வருகிறவன். மனதுக்குள் அவன், எழுத்தில் அவர்.

போன பொதுக்கூட்டத்தில் அவரைத் தலைவராக்கினார்கள். என்னைப் போசகராக்கினார்கள். எங்கள் சங்கங்களில் போசகர் என்பது ஒரு மரியாதையான ஏற்பாடு. ஒருவரை வைத்திருக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது என்றால் அவருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி, முன்வரிசையில் இருத்தி, அதன்பிறகு எதுவும் கேட்காமல் விட்டுவிடுவார்கள். என் பொன்னாடை ஊதா நிறம். கராஜில் அன்றைக்கு முப்பத்தெட்டுப் பாகை வெப்பம்.

ஆக, முகாமையாளர் நீக்கப்பட்டபோது ஒரு நீக்கம் எப்படியிருக்கும் என்று குழுவில் அனுபவபூர்வமாகத் தெரிந்தவன் நான் ஒருவனே.

அணி நிர்வாகம், புதிய முகாமையாளரைத் தேட ஒரு குழு அமைத்திருப்பதாக அறிவித்தது. குழு என்ற சொல்லைக் கண்டதும் எங்கள் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். நாங்களும் எங்கள் பரிந்துரையைக் கடிதத் தலைப்பில் அச்சிட்டு, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு அனுப்பவேண்டும் என்று தீர்மானமாயிற்று. எங்களிடம் கடிதத் தலைப்பு உண்டு. அதில் போசகரின் பெயர் எல்லோருக்கும் மேலே, எல்லோரிலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

அந்த ஞாயிறு விவாதம். யார் களத்தில் இறங்குவது என்பதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை இன்னும் மூன்று வருடம் பொறுத்துக்கொள்வது என்பதுதான் முகாமையாளரின் வேலை. நான் ஒரு மூத்தவரைப் பிரேரித்தேன். அறுபத்திநாலு வயது, இரண்டு அணிகளை நடத்தியவர், இப்போது சும்மா இருக்கிறார்.

"அண்ணை, அந்த ரெண்டு டீமையும் கொண்டுபோய்க் கிடங்குக்கை விட்ட மனிசன் எல்லே அவர்?" என்றார் செயலாளர்.

"அனுபவம் எண்டு ஒண்டு இருக்கு."

"என்ன அனுபவம், கிடங்குக்கை விழுந்த அனுபவமோ?"

குசினிக் கதவடியில் இருந்து செயலாளரின் மனைவி, "அனுபவத்தைப் பற்றிக் கதையாதேங்கோ. இவர் இருபது வருசமாய்ப் புல்லு வெட்டுறார். வந்து பாருங்கோ, குதிரை மேய்ஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

சிரிப்பு அடங்கும்வரை கிரெய்கிபர்ன்காரர் காத்திருந்தார். அதுவும் ஒரு கெட்டித்தனம். நான் சிரிப்புக்கு மேலேயே கத்துகிறவன்.

"அண்ணா சொல்றதுல பாயிண்ட் இருக்குங்க," என்று தொடங்கினார். என் பக்கம் நியாயம் இருப்பதாக அவர் சொன்ன எந்த நாளிலும் நான் வென்றதில்லை. அவருடைய ஆள் நாற்பது வயது உதவி முகாமையாளர். இளம் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்தவர். அவரைப் பற்றி நாலு நிமிடம் அமைதியாகச் சொல்லிவிட்டு முடிவாக இப்படிச் சொன்னார்: "பெரிய பேரை வாங்குறவன் போன வருஷத்தைத்தான் வாங்குறான்."

பொருளாளர் தொடையில் அடித்தார். "என்ன வசனமடாப்பா!"

அந்த வசனம் என்னுடையது. எட்டு வருடங்களுக்கு முன், அணி ஒரு கிழட்டு நட்சத்திரத்தை வாங்கியபோது குழுவில் எழுதினேன். அன்றைக்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. யாரோ அதற்குக் கீழே ஒரு வீட்டு விற்பனை விளம்பரத்தைப் போட்டிருந்தார்கள்.

"இது நான் சொல்றது இல்லைங்க, அண்ணா எழுதினது," என்றார் அவர். "குரூப்ல பழைய போஸ்ட் எல்லாம் உக்காந்து படிச்சேன். பதினோரு வருஷமும். செமையா எழுதிருக்கார்."

"இவரோ? எப்ப?" என்று செயலாளர் உண்மையிலேயே வியந்தார்.

பதினொரு வருடங்களாக எனக்கு ஒரு வாசகன் வேண்டும் என்று நினைத்திருந்தேன். கிடைத்துவிட்டான். என்னுடைய வசனத்தாலேயே என்னுடைய ஆளை அடித்து விழுத்திவிட்டு, மரியாதையோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாக்கெடுப்பில் அவருடைய ஆளுக்கு ஏழு கைகள். என்னுடைய ஆளுக்கு இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது தேத்தண்ணி கேட்டு உயர்ந்த கை.

கடிதத்தைத் தலைவர் எழுதுவது, போசகர் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று. திங்கள் காலையில் மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: போசகரின் பார்வைக்கு. கடிதம் ஒரே பக்கம். கெஞ்சல் இல்லை, அறிவுரை இல்லை. உலகின் தெற்கு முனையில், வியர்வை வழிய, பனியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்பது பேர் என்று எங்களை அறிமுகப்படுத்தியிருந்தார். நான் எழுதியிருந்தால் மூன்று பக்கம் போயிருக்கும், இரண்டாம் பக்கத்தில் உரோமாபுரி வீழ்ந்திருக்கும்.

மூன்றாம் பந்தியில்தான் அதைக் கண்டேன். அந்த உதவி முகாமையாளர் தான் ஆடிய காலத்தில் கோல் காப்பாளராக இருந்தவர் என்று எழுதியிருந்தார். இல்லை. அவர் தடுப்பாட்டக்காரர். கோல் காப்பாளராக இருந்தது அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொருவர். நான் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடமாய்ப் பார்க்கிறவருக்கு இது தெரியாது. பல் வலி அந்த நிமிடமே நின்றது.

ஒரு வரியில் பதில் எழுதினேன்: "பார்த்தேன். நன்று."

திங்கள் முதல் சனிவரை நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். கூட்டத்தில் கடிதத்தை வாசிப்பார்கள். மூன்றாம் பந்தியில் நான் கையை மெல்ல உயர்த்துவேன். "ஒரு சின்ன விசயம்" என்று சொல்வதா, "தம்பி, ஒருக்கால் நிப்பாட்டுங்கோ" என்று சொல்வதா என்பதில் இரண்டு நாள் போயிற்று. குளியலறையில் ஒத்திகை பார்த்தேன்.

மனைவி கதவில் தட்டினாள். "ஆரோடை கதைக்கிறியள்?"

சொன்னேன். அவளிடம் எதையும் மறைக்க முடிவதில்லை. மறைத்தால் ஆர்வம் காட்டமாட்டாள்.

"அந்தத் தம்பி உங்களுக்கு என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பின்னை?"

"அதுதான் பிரச்சினை. ஏதாவது செய்திருந்தால் கோவிச்சுப்போட்டு இருந்திருப்பன்."

ஞாயிறு வந்தது. இடியப்பமும் சொதியும் முடிந்த பிறகு தலைவர் எழுந்து கடிதத்தை வாசித்தார். உலகின் தெற்கு முனைக்குக் கைதட்டல் விழுந்தது. மூன்றாம் பந்தி. கோல் காப்பாளர். நான் கையை உயர்த்தினேன்.

"ஒரு சின்ன விசயம். அவர் கோல் காப்பாளர் இல்லை. தடுப்பாட்டக்காரர். இந்தக் கடிதம் கனடாவுக்குப் போனால் வாசிச்சுப்போட்டுச் சிரிப்பினம்."

எதிர்பார்த்த அமைதி கிடைத்தது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. எத்தனை மாதத்துக்குப் பிறகு! நான் பொறுமையாக அந்த இரண்டு ஆட்டக்காரர்களின் வரலாற்றையும் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்த பிறகும் முகங்கள் திரும்பியபடியே இருந்தன. அதுதான் சரியில்லாமல் பட்டது.

செயலாளர் நல்ல மனிதர். லொறி திருத்துகிறவர். ஓர் இயந்திரம் எந்த இடத்தில் சத்தம் போடுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு உண்டு. "அண்ணை," என்றார் மெதுவாக, "உது திங்கக்கிழமையே உங்களிட்டை வந்ததெல்லே?"

நான் வேறு எதற்கெல்லாமோ ஒத்திகை பார்த்திருந்தேன். இதற்குப் பார்க்கவில்லை. தலைவர் எழுதுவது, போசகர் சரிபார்ப்பது என்ற தீர்மானத்தில் நானே கையுயர்த்தியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறர் விண்ணப்பங்களில் இந்த மாதிரி ஓட்டைகளைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு வாரம் முழுவதும் என்னுடைய திட்டத்தை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்கவில்லை. மின்விசிறி சுழன்றது. பொருளாளர் தன் கோப்பைக்குள் பார்த்தார்.

"அண்ணா எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு," என்றார் கிரெய்கிபர்ன்காரர். "செவ்வாக்கிழமை. நான் ஆபீஸ்ல இருந்தேன், சாயந்தரம் மாத்துறேன்னு சொல்லிட்டு சுத்தமா மறந்துட்டேன். சாரிண்ணா, இப்போ எல்லார் முன்னாடியும் நீங்க மறுபடி சொல்ல வேண்டியதாப் போச்சு."

எந்த யோசனையும் இல்லாமல், மூச்சுவிடுவதுபோலச் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்று நாளைக்கூடக் கொடுத்தார். கராஜ் முழுவதும் மூச்சு விட்டது.

"பாத்தியளே, போசகர் எண்டால் இப்பிடி இருக்கவேணும்!" என்று செயலாளர் என் முதுகில் தட்டினார். கைதட்டல்கூட வந்தது. குழு தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அது; அதையும் அவரே வாங்கித் தந்திருந்தார். கோல் காப்பாளரை வெட்டித் தடுப்பாட்டக்காரரை எழுதி, இரண்டு பேரும் ஒப்பமிட்டார்கள். கடிதம் உறைக்குள் போனது. அதன்பிறகு ஆட்டம். அது முடிந்ததும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பி என்ன மாதிரி என்று கேட்டார்கள். நானும் திரும்பியிருந்தேன். கடைசி ஐந்து நிமிடத்தில் அணி ஏன் அப்படி ஆடியது என்று எனக்கு விளங்கவில்லை; அவருக்கு விளங்கியிருந்தது.

வெளியே அவருடைய கார் வெயிலில் நின்றது. நன்றி சொல்லத்தான் பின்னால் போனேன். வாயில் வேறுதான் வந்தது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"விடுங்கண்ணா." கார்க் கதவைத் திறந்து சூடு வெளியேறட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க ஆபீஸ்ல நானும் ஒருத்தருக்கு இதையே பண்ணிருக்கேன். ரிப்போர்ட்ல தப்பு இருந்துச்சு, பாத்துட்டேன், வாயைத் தொறக்கல. மீட்டிங்ல வச்சுப் போட்டுக் குடுத்தேன்."

"பிறகு?"

"பிறகு என்ன, இப்போ அவர்தான் எனக்கு மேனேஜர்."

சிரித்தார். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் புறப்பட்டுப் போனார். பத்து நிமிடத்தில் வீடு போயிருக்கக்கூடிய நான் அந்த வெயிலிலேயே நின்றேன். அலுவலகத்தில் அப்படி ஒன்று உண்மையிலேயே நடந்ததா, இல்லை, எனக்கு உறுத்தக்கூடாதென்று அந்த நிமிடம் கட்டிய கதையா? கட்டியதென்றால் அது ஒரே நாளில் எனக்காக அவர் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதைவிட நன்றாக இருந்தது. முடிவுகூடச் சரியான இடத்தில் விழுந்திருந்தது. அதை நான் எழுதியிருக்கவேண்டும்.