அப்பா இல்லாத மூன்று மாதங்கள்

என் மகள் தாரிணி ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு முகத்தைக் கோணிக் காட்டுவேன். கூடவே தவளை போல ஒரு சத்தம். குலுங்கிச் சிரிப்பாள். நாற்பத்தேழு வயதில் பிறந்த பிள்ளை. என் முகத்தில் நகைச்சுவை இருப்பதை ஒரு ஜீவனாவது ஒப்புக்கொண்டதே என்று பெருமைப்பட்டேன்.

ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சத்தமில்லாமல் முகத்தை மட்டும் கோணினேன். அவள் சிரிக்கவில்லை. இன்னும் கோணினேன். அவள் கண்கள் ஓரிடத்தில் நில்லாமல், என்னைத் தாண்டி அலைந்துகொண்டிருந்தன. அவள் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கோலாலம்பூரில் ஸ்கேன் எடுத்தார்கள். பார்வை நரம்பு வளர்ச்சிக் குறை (கண் வாங்குவதை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு, கருவிலேயே முழுதாக வளராமல் நின்றுவிடுவது) என்றார் டாக்டர்.

"ஆபரேஷன் பண்ணலாமா டாக்டர்?" என்று என் மனைவி சுமதி கேட்டாள்.

"அதுக்கு ஆபரேஷன் இல்லம்மா. ஆனா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்வையில்லாதவங்க சங்கம் இருக்கு, அங்க கேளுங்க."

கிள்ளான் வீட்டுக்குத் திரும்பியபின் என் பேச்சு நின்றுவிட்டது. கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தால் பந்தியே ஆறிப்போகும் அளவுக்குப் பேசுகிறவன் நான். இப்போது வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயம். வேலை முடிந்து வந்து, ஹால் மூலையில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் பயிற்சியாளர் லெட்சுமி அக்கா வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. வெள்ளைக் கோலை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் தோளைத் தொட்டுத் தன் பேரைச் சொன்னார். பிறகு சுமதியிடம், "அப்பா வேலைக்குப் போயிட்டாரா?" என்றார்.

"இங்கதான் அக்கா உட்கார்ந்திருக்காரு."

அக்கா என் பக்கம் திரும்பினார். சற்றுத் தள்ளி, ஃபேன் இருந்த பக்கம். "என்ன அண்ணே, ஒளிஞ்சு விளையாடுறீங்களா? பிள்ளகிட்டயும் இப்படித்தானா?"

"மூணு மாசமா இப்படித்தான் அக்கா." சுமதியின் குரலிலிருந்த கோபம் எனக்கு அன்றுதான் கேட்டது.

"அப்ப மூணு மாசமா பிள்ளைக்கு அப்பா இல்ல லா. சத்தம் இல்லன்னா அவளுக்கு ஆளே இல்ல. வரும்போது சொல்லுங்க. தூக்குறதுக்கு முன்னால சொல்லுங்க. போனா, போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

தவழ்ந்து அருகில் போனேன். "தாரிணி, அப்பா." அசையாமல் கேட்டாள். தவளைச் சத்தம் போட்டேன். உதடு பிதுங்கியது. யாரோ புது ஆளிடம் அழுவதுபோல அழுதாள்.

"அழட்டும். நிறுத்தாம பேசுங்க," என்றார் அக்கா.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்றுதான் சொல்வேன். அழுவதென்றால் சத்தமாக அழுங்கள். பக்கத்தில் இருப்பதாவது பிள்ளைக்குத் தெரியட்டும்.

தாரிணிக்கு இப்போது மூன்று வயது. நரம்பு வளரவில்லை. நான் ஓயாத ரயில் நிலைய அறிவிப்பு ஆகிவிட்டேன். செருப்பைக் கழற்றுவதையும் தண்ணீர் குடிப்பதையும் சொல்லிக்கொண்டே செய்கிறேன். "பாத்ரூம் நியூஸ் மட்டும் வேணாம் லா," என்கிறாள் சுமதி. வேலைக்குப் போகும் ரயிலில் பேசாமல் கழியும் ஒரு மணி நேரத்தில், நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

கொஞ்சம் பேச்சு நின்றாலும், "அப்பா, இருக்கியா?" என்று கேட்பாள். உடனே "இருக்கேன்" என்றாக வேண்டும்.

போன வாரம் அவளுக்குக் கதை சொல்லும்போது பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "அப்பா, இருக்கியா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"அம்மா, அப்பா போயாச்சு," என்று சொல்லிவிட்டுத் தன் பொம்மையைத் தேட ஆரம்பித்தாள். அழவில்லை. பழகியவளைப் போலச் சொன்னாள்.

நான் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.