அக்கா வாசித்துக் காட்டிய பாடம்

என் அக்கா எதையும் நாலு முறை காதில் கேட்டால் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிடுவாள். எழுத்தைக் காட்டினால்தான் திருதிருவென்று விழிப்பாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கடத்தூர்ப் பக்கம் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, அவளுக்காகவே ஒரு சிறப்பு டீச்சர் செவ்வாய்க்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். அந்த ஒருவருக்கு ஏழெட்டுப் பள்ளிகள். தட்டில் ராகியைப் பரப்பி, அக்காவின் விரலைப் பிடித்து எழுத வைப்பார். ஒரு வருடத்தில் அக்கா தன் பெயரை எழுதினாள். எனக்கு அதில் பெருமை இல்லை. ஆறாம் வகுப்பில் என்னை ‘ராகித்தட்டு தங்கச்சி’ என்று கூப்பிட்டார்கள், மானமே போனது.

டீச்சர் இன்னும் யாருக்குத் தேவை என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். வாசிக்கச் சொல்லிப் பார்ப்பாராம். விடுவேனா? பத்து நாள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதுகூட, தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தை அக்காவின் காதில் ஓதினேன். விரலை எப்படி நகர்த்துவது, எந்தச் சொல்லில் பக்கம் புரட்டுவது என்பதுவரை பழக்கினேன்.

அதிகாரி வந்த அன்று நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். அக்கா முதல் பாடத்தைத் தானே பிரித்து, கடகடவென்று ஒப்பித்தாள்.

“நல்லாத்தானேம்மா படிக்குது?” என்றார் அவர்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. “சார், அது மனப்பாடம்ங்க. வேற பக்கம் குடுத்துப் பாருங்க சார்.”

“இவ்ளோ மனப்பாடம் பண்ற புள்ளைக்கு என்னம்மா கொற?” என்று சிரித்தபடியே எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

டீச்சர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொறாமை பிடித்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் நம்பி, அக்காவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

டீச்சரின் செவ்வாய்க்கிழமையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். இன்றைக்கும் பஸ்ஸின் போர்டைப் படித்துச் சொல்லச் சொல்லி யாரையாவது கெஞ்சுகிறாள்.

அதிகாரி வந்துபோன அடுத்த செவ்வாய்க்கிழமை, அக்கா தட்டோடு பள்ளி கேட்டருகே சாயங்கால மணியடிக்கும்வரை நின்றிருந்தாள்.

“நீ பாஸாயிட்டக்கா. அதான் டீச்சர் வர்ல,” என்றேன்.

தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.

“அப்ப நான் பெயிலாயிட்டா வருவாங்களா?”

இவளுக்குப் புத்தி இவ்வளவுதான் என்று நினைத்து, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.