அம்மா கவர்னராகாத வாரம்

அம்மா தேர்தலில் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. லண்டன் ஹரோவில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் நிர்வாக சபையில் பெற்றோருக்கென்று ஓரிடம் காலியாகியிருந்தது. அந்தப் பதவிக்குக் கவர்னர் என்று பெயர். ஒரு மாகாணத்தையே அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று அப்பா கேலி செய்வார். அம்மாவுக்கு அது விளையாட்டில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தந்துவந்த மண்டபத்தை இனியும் தருவதா என்று அந்தச் சபைதான் முடிவெடுக்க இருந்தது. மன்னாரில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் வேலை. அவர் இன்னமும் ஆசிரியையாக நிற்கக்கூடிய ஒரே இடம் அந்தச் சனிக்கிழமை மண்டபம்.

எனக்கோ அவர் தோற்க வேண்டும். ஒருமுறை அவர் எங்கள் வகுப்புக்கு வந்து பொங்கலைப் பற்றிப் பேசினார். அவருடைய ஆங்கிலத்தை இரண்டு பையன்கள் ஒரு வாரம் முழுக்கப் பேசிக் காட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கவர்னரானால் அவர் அடிக்கடி வருவாரே என்று பயந்து செத்தேன்.

வாக்குச்சீட்டுகள் பிள்ளைகளின் புத்தகப் பையில்தான் வீடுகளுக்குப் போயின. அவற்றை உறையில் போட்டு ஒட்டி, வெள்ளிக்கிழமை மூன்றரைக்குள் அலுவலகப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் தமிழ் அம்மாமாருக்கு அந்த அலுவலகக் கண்ணாடி ஜன்னல் என்றாலே கூச்சம். அம்மாவின் உயிர்த்தோழியான அன்ரிதான், தன்னுடையதோடு சேர்த்து ஐந்து பேரின் உறைகளுக்குப் பொறுப்பெடுத்தார். அம்மாவுக்குக் காலை ஷிப்ட் இருந்தால் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை அவருடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பள்ளிக்கூட வாசலிலேயே உறைகளை என் கையில் தந்தார்.

"அம்மான்ரை விஷயம், கவனம். உள்ளை போனவுடனை பெட்டியிலை போட்டிடு, என்ன?"

"ஓம், அன்ரி."

போடவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றது உண்மை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை போய் நின்றேன். கடைசி மணி அடித்தபோது உறைகள் என் விளையாட்டுச் சப்பாத்துப் பையின் அடியில் கிடந்தன. திங்கட்கிழமை அவற்றைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அன்றைக்கே முடிவுக் கடிதமும் வந்தது. அதையும் நான்தான் சுமந்து வந்தேன். மூன்று வாக்கு வித்தியாசத்தில் அம்மா தோற்றிருந்தார். தனக்கு விழுந்ததை விரல் மடித்து எண்ணினார், திரும்பவும் எண்ணினார்.

"எங்கடை ஆக்கள் போட்டிருந்தால் காணுமே, வெண்டிருப்பன்" என்றார்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு அன்ரி வீட்டுக்கு நடந்தார். வழி முழுக்க நான் அழாமல் வந்ததே பெரிய காரியம். கதவு திறந்ததும் அம்மா கேட்டார்:

"அந்த அஞ்சையும் போட்டனீரோ?"

அன்ரி அம்மாவுக்குப் பின்னால் ஒண்டி நின்ற என்னைப் பார்த்தார். இதோ சொல்லப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மறந்து போனன், அக்கா. பிள்ளையின்ரை காய்ச்சலோடை அப்பிடியே மறந்து போனன்."

"உம்மட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்" என்றார் அம்மா. அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

மண்டபமும் கைவிட்டுப் போனது. காலையில் என் தலையை அப்பா கோணலாகப் பின்னிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தேவாலயப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் அன்ரி எங்கள் வரிசைக்கு வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்ரி என் கையைப் பிடித்து, வேண்டியதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருந்தார். அவிழ்ந்திருந்த என் பின்னலை இறுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

உறைகளை என்னிடம் தந்ததையே அவர் மறந்துவிட்டார் என்று நான் முழுமையாக நம்பினேன். இப்படி ஒரு மறதிக்கார அன்ரியைத் தந்ததற்காக, அங்கேயே முழந்தாளிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.