தேனீக்குத் தெரியாத சிவப்பு

முட்டோமோ சந்தையில் கிலோன்சோவின் கடைக்கு முன்னால் சியோம்புவா வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் வேலியோரம் பறித்த பச்சை இலை. தோளில் நீலக்கரையிட்ட, வெள்ளையில் சிவப்புப் பூப்போட்ட துணி.

"என்னக்கா, டார்ச் வாங்க வந்தியா, கீரை விக்க வந்தியா?" என்றான் கிலோன்சோ.

"உன் பேச்ச நம்பித்தான் போன வருஷம் என் வீட்டுக்காரர் எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாரு. இந்தத் தடவ நானே பாத்து எடுக்கறேன். இருக்கற செவப்பு லைட்டெல்லாம் எடுத்துப் போடு."

அவள் கணவன் கியெங்கோ பதினைந்து வயது முதல் மரமேறித் தேன் எடுப்பவன். இரவில், புகையும் மரப்பட்டைக் கற்றையைக் கிளையில் தட்டினால் பொறிகள் கீழே உதிரும். சினங்கொண்ட தேனீக்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு தரைக்கு இறங்கிவிடும். மேலே அவன் நிம்மதியாகக் கூட்டைத் திறப்பான். வெளிச்சம் என்றால் கீழே உதறிவிட வேண்டும் என்பதே அவன் கை கற்றிருந்த பாடம். இரண்டாண்டுகளுக்கு முன் அப்படி விழுந்த பொறியொன்று மேய்ச்சல் நிலத்தையே எரித்துவிட்டது. அதன்பின் தேனெடுப்போர் சங்கம் நெருப்பைத் தடை செய்தது. சிவப்பு தேனீயின் கண்ணுக்குப் புலப்படாது, சிவப்பு விளக்கை நெற்றியில் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கியெங்கோ கட்டிக்கொண்டான். கிலோன்சோ விற்ற அந்த விளக்கோ வெள்ளை பல்பின்மேல் சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்டது. தேனீக்கள் நேராக அவன் முகத்துக்கே வந்தன.

தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தான். "இன்னொரு தடவ இப்படிக் கொட்டினா இங்க வந்து சேர்ற வரைக்கும் உயிர் தாங்காதும்மா" என்று நர்ஸ் அவளைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

ஆனாலும் அவன் ஏறத்தான் போகிறான். மரக்கட்டையைக் குடைந்து செய்த கூடுகளில் அவனுடைய தந்தைவழிக் குலத்தின் குறி செதுக்கப்பட்டிருந்தது. அந்தக் குறியின்மேல் வேற்றுக் குலத்தவன் கை வைப்பது திருட்டு. அழைத்தாலும் எவனும் வரமாட்டான். கியெங்கோவுக்கு உடன்பிறந்தாரும் இல்லை, மகனும் இல்லை. அவனைக் காப்பாற்றச் சியோம்புவா செய்யக்கூடியவை இரண்டே இருந்தன. ஒன்றை நேற்றே செய்துவிட்டாள். நைரோபியில் வேலை பார்க்கும் மகள் கலேக்யேவைப் போனில் அழைத்து, "நீ சொன்னாத்தான் உங்கப்பா கேப்பாரு, பேசு" என்று கெஞ்சினாள். "நாளைக்கு வேலை முடிஞ்சதும் பேசறேம்மா" என்றாள் மகள். மற்றொன்று, இந்த விளக்கு.

கிலோன்சோ மூன்று விளக்குகளை எடுத்து வைத்தான். கடையின் பின்னறை இருட்டில் சாக்கு ஒன்றைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.

"ஐயோ, சோள மூட்டைக்குக் கால் மொளச்சிருக்கு!" என்று வெளியே யாரோ சிரித்தார்கள்.

முதல் விளக்கில் துணியின் கரை நீலமாகவே தெரிந்தது. வெள்ளை ஒளி கசிகிறது. இரண்டாவது செங்கல் நிறத்தில் ஒளிர்ந்தது. இலையில் பச்சை இலேசாக எஞ்சியிருந்தது. மூன்றாவது, ஆறிக்கொண்டிருக்கும் தணல்போல ஆழ்ந்த சிவப்பு. அதில் இலையும் கறுப்பாகத் தெரிந்தது, நீலக்கரையும் கறுப்பாகத் தெரிந்தது; சிவப்பைத் தவிர வேறு ஒளி கசியவில்லை. துணியின் சிவப்புப் பூக்களோ வெள்ளையோடு கலந்து காணாமற்போயின.

"இது போதும்" என்று வெளியே வந்தாள்.

"அக்கா, அது ரொம்ப மங்கல். யாரும் வாங்காம கெடக்கு."

"அதனாலதான் வாங்கறேன்."

பொழுது சாய்ந்ததும் இருவரும் வேலமரத்தடிக்குச் சென்றார்கள். கியெங்கோ விளக்கைப் பொருத்திப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னடி இது, செத்த அடுப்பு மாதிரி இருக்கு? எனக்கு என் கையே தெரியல."

"கண்ண மூடிட்டுக் கொஞ்சம் இருங்க. பழகிடும். இன்னிக்கு வேணாம்னாலும் சரி, வீட்டுக்குப் போயிடலாம். சோளமும் பயறும் போட்டு ஆக்கின முத்தோக்கோய் சூடா இருக்கு."

"சும்மா இரு. எறங்கி வந்து தின்னுக்கறேன்."

அவன் ஏறினான். மகள் இன்னும் அழைக்கவில்லை. கிளைகளுக்கிடையே அந்தக் கருஞ்சிவப்புப் புள்ளி நகர்வதையே சியோம்புவா பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. தேனீக்களின் முனகல் எழுந்தது. ஆனால் பறக்கும் ஒலி இல்லை.

"ஏய், ஒண்ணுகூடப் பறக்கல!" என்று மேலிருந்து வியப்போடு சொன்னான். "கைமேலயே ஊருது!"

இறுகப் பிடித்திருந்த துணியின் முனையை அவள் விட்டாள்.

அப்போதுதான் அவனுடைய சட்டைப்பையில் போன் ஒலித்தது. மெல்லிய துணியினூடே வெள்ளை வெளிச்சம் அவன் மார்பில் பூத்தது. முனகல் ஒரே கணத்தில் இரைச்சலாயிற்று. எல்லா விளக்கையும் சோதித்தவள் அந்த விளக்கை மறந்திருந்தாள். மகளை அழைக்கச் சொல்லி அதை ஏற்றவைத்தவளும் அவளேதான்.

கியெங்கோவின் கை யோசிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பொறியை உதறிய கை, போனை உருவிக் கீழே எறிந்தது. ஒளிர்ந்தபடி அது மரத்தடியில் வந்து விழுந்தது. தேனீக்கள் அதன் பின்னே ஊற்றிய நீர்போல் இறங்கின.

போன் அங்கேயே கிடந்தால் அவன் இறங்கும் வழியை அவை அடைத்துக்கொள்ளும். சியோம்புவா துணியை முகத்தில் இழுத்துக்கொண்டு போனைப் பொறுக்கினாள். வறண்ட ஓடையை நோக்கி ஓடினாள். கழுத்திலும் விரல்களிலும் உதட்டிலும் நெருப்பு. ஓடை மணலைப் பறித்துப் போனைப் புதைத்து, மேலே மண்ணை வாரிப் போட்டு, அப்பால் உருண்டு சென்று அசையாமல் கிடந்தாள். வெளிச்சம் போனதும் கூட்டம் சிதறியது.

கியெங்கோ இறங்கித் தடுமாறி வந்தான்.

"உங்களக் கொட்டிச்சா?" என்றாள் அவள்.

"இல்ல. ஒண்ணுகூட இல்ல. உன்ன?"

நெற்றி விளக்கை அவளருகே கொண்டுவந்து முகத்தையும் கழுத்தையும் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது. "ஒண்ணும் செவக்கலையே. தப்பிச்சோம். பாரு, நல்ல லைட்டாத்தான் வாங்கிட்டு வந்திருக்க. இன்னும் மூணு கூடு இருக்கு. நாளைக்கு அந்தப் போனை வீட்டுல வச்சிட்டு ஏறறேன்."

அந்த வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது என்பதை அவள் கடையின் பின்னறையிலேயே பார்த்திருந்தாள். அவனுடைய கையைப் பற்றித் தன் கழுத்தில் வைத்தாள். தடித்துக் கொதித்த ஒவ்வொரு புடைப்பின்மீதும் அவன் விரல்களை மெல்ல நகர்த்தினாள். பத்தோ பதினொன்றோ ஆனதும் அவன் தானே அடுத்த புடைப்பைத் தேடத் தொடங்கினான்.

"இதுல பாதி உங்களுக்கு விழுந்திருந்தா?" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின.

அவன் நெற்றி விளக்கைக் கழற்றி அவள் மடியில் வைத்தான். மணலுக்கடியில் போன் மறுபடி அதிர்ந்தது. தோண்டி எடுத்தால் வெளிச்சம் வரும்; தேனீக்கள் இன்னும் அடங்கவில்லை. இருவரும் அசையாமல் அமர்ந்து, மகள் அழைத்துக்கொண்டேயிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.